மண்மூட்டைக்குப் பதிலாக ஏறிய அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை ரெசின் மணம் மூக்கில் ஏறிவிட்டது. பைபர் படகின் வெடிப்புகளுக்கு ஒட்டுப்போடுகிற அந்தப் பசையின் மணம் உனக்குத் தெரியும். ஒருமுறை ஏறினால் குளித்தாலும் இறங்காது. மத்தியானச் சோறும் மீன்குழம்பும்கூட அதுவாகவே மணக்கும். உன் மகன் றெஜி பழைய படகொன்று பார்க்க வேண்டுமென்று என்னைப் பள்ளிமுனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். கந்தோர்க் கதிரையில் காலம் கழித்து ஓய்வுபெற்றவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். “ஒண்டும் தெரியாது மாமா. ஆனா அம்மா போட் பாக்கப் போகேக்க நீங்கள்தானே கூடப் போனனீங்கள்” என்றான். இதைவிடப் பெரிய தகுதி எதையும் நான் எந்த நேர்முகப் பரீட்சையிலும் காட்டியதில்லை.

விற்கிறவர் நல்ல மனிதர். படகின் அடிப்பக்கத்தைக் குழந்தையின் முதுகைத் தட்டுவதுபோலத் தட்டிக் காட்டினார். வாடைக் காற்றின் உச்சத்திலும் தொட்டில் மாதிரிப் போகும் என்றார். அப்படியென்றால் ஏன் விற்கிறீர்கள் என்று றெஜி கேட்டான். மகளுக்குக் கலியாணம் என்றார். மன்னார்த் தீவில் எந்தப் படகும் தன் சொந்தக் குற்றத்துக்காக விற்கப்பட்டதாக வரலாறு இல்லை. கலியாணம் இருக்கும், அல்லது கனடா இருக்கும், அல்லது தமையனோடு மனத்தாங்கல் இருக்கும். படகு மட்டும் எப்போதும் தொட்டில்தான்.

நாளைக் காலை கடலில் ஓட்டிப் பார்ப்பதென்று பேச்சு. வீட்டுக்கு வந்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. கதிரையில் இருந்தேன், எழும்பினேன், முற்றத்தில் நின்றேன், கேற்றைத் திறந்து யாரும் வராததைப் பார்த்துவிட்டு மூடினேன். போன தவக்காலத்தில் நீ எங்களை விட்டுப் போனதிலிருந்து எனக்கு இந்த வருத்தம்தான். டொக்டருக்குக் காட்டக்கூடிய வருத்தமாகவும் இல்லை. ஆகவே உனக்கு எழுதுகிறேன். பதில் வராது என்று முன்கூட்டியே தெரிந்த கடிதங்களைக் கந்தோரில் வேண்டிய அளவு எழுதியிருக்கிறேன். கை பழகியிருக்கிறது.

அத்தானின் முதுகு எப்போது பழுதானது என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது ஒரு நாளில் பழுதாகவில்லை. எங்கள் வடகடலுக்கு ஆழம் இல்லை. ஆழமில்லாத கடலில் அலை பெரிதாக எழும்பாது; ஆனால் கிட்டக்கிட்ட வரும். ஒன்றிலிருந்து இறங்கிமுடியுமுன் அடுத்தது வந்து நிற்கும். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பியபின் அத்தானுக்குக் கிடைத்த சின்னப் படகு தட்டை அடிப் படகு. அது ஒவ்வொரு அலையிலும் ஏறி விழும். கரையில் நிற்கிறவர்களுக்கே, யாரோ யாரையோ கன்னத்தில் அறைவதுபோலக் கேட்கும். அந்த அறை முழுவதும் அத்தானின் நடுமுதுகில் விழுந்தது.

மன்னாரில் எக்ஸ்றே எடுத்துப் பார்த்த டொக்டர் என்ன சொன்னார் என்று நீ கேட்டபோது, “போட்டை மாத்தட்டாம்” என்றார் அத்தான். நீ நம்பவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே டொக்டரிடம் போனாய். கடலை விடச் சொன்னேன் என்றார் அவர். விட முடியாதென்றால் அடிக்காத படகிலாவது போகட்டும். இன்னொரு வாடைக்காலம் இப்படி அடிபட்டால் கால் இழுத்துவிடும் என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நீ நின்றாய். பிறகு, “கடலைத் தவிர எங்களுக்கு வேற காணி இல்லைத் தம்பி” என்றாய். அந்த ஒரு வசனத்தோடு படகு தேடும் படலம் தொடங்கியது.

வீட்டில் நீ இன்னொன்றையும் கவனித்திருந்தாய். அத்தான் நடக்கும்போது இடக்கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும். அவர் அது தெரியாமல் நடந்துபோவார். நீ எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாய். செருப்பு பழசு என்பார். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாய். அதுவும் கழன்றது.

அந்த மாசி முழுவதும் கரைகரையாக அலைந்தோம். பேசாலைக்குப் போனோம், தலைமன்னாருக்குப் போனோம், பாலத்தைத் தாண்டி வங்காலைக்கும் போனோம். நீ முன்னால், நான் குடையோடு பின்னால். அத்தானை நீ கூட்டிக்கொண்டு வரவே இல்லை. “அவரைக் கேட்டாக் கட்டுமரத்தையும் நல்ல போட் எண்டுவார்” என்றாய். படகுக்காரர்களைக் கேட்டோம். உங்கள் படகு அடிக்குமா என்று கேட்டால், உங்கள் பிள்ளை களவெடுக்குமா என்று கேட்டதுபோலப் பார்த்தார்கள். அடிபடுகிறவன் அடிபடுகிறேன் என்று சொல்வதில்லை. சொன்னால் படகுக்கும் மரியாதை இல்லை, முதுகுக்கும் மரியாதை இல்லை. “ஆம்பிளையளிட்டைக் கேட்டாக் கடலே அடிக்காதெண்டுவினம்” என்று தலைமன்னார் பஸ்சில் நீ சொன்னபோது முன்சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவரும் ஆம்பிளை.

அடிக்கிறதா இல்லையா என்பதைப் படகுக்குள் இருந்துதான் அறியலாம். ஆனால் எங்கள் கரையில் தொழில் செய்யும் படகில் பெண் கால் வைப்பதில்லை. அவள் வலைக் கிழிசல் பொத்தலாம், மீனைத் தரம் பிரிக்கலாம், கருவாடு போடலாம், படகு வாங்கக் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுக்கலாம். கால் மட்டும் வைக்கக் கூடாது. வைத்தால் மீன் படாது. பெண்களைப் பற்றி மீன்களுக்கு இவ்வளவு திட்டமான கருத்து இருப்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதே பெண்களின் கையால் செதிலுரிக்கப்பட்டுக் குழம்பாவதில் அவற்றுக்கு ஆட்சேபனை இருந்ததாகவும் தெரியவில்லை.

இந்தச் சட்டத்துக்கு ஒரேயொரு விலக்கு இருந்தது. கச்சதீவு அந்தோனியார் பெருநாள். அன்றைக்குத் தொழில் படகுகள்தான் யாத்திரிகர்களை ஏற்றிப்போகும். பெண்களும் குழந்தைகளும் சட்டிபானையோடு ஏறுவார்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அன்று மீன்களுக்கும் ஒருசந்தி நோன்பு போலும். விற்பனைக்கு இருந்த படகுகளில் இரண்டு அந்த ஆண்டு யாத்திரைக்குப் போகின்றன என்று அறிந்ததும் உன் முகம் மாறியது. “எனக்கு அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி இருக்கு” என்றாய். என்ன நேர்த்தி என்று கேட்டேன். “போகேக்க ஒரு போட். வரேக்க மற்றப் போட்” என்றாய்.

போகும்போது ஏறிய படகின் எஞ்சினுக்கு, நடுக்கடலில் நின்றுபோகும் என்று ஒரு பெயர் இருந்தது. ஆகவே அதில் ஏறியவர்கள் கொஞ்சப்பேர். நீ முன்பக்கத்தில், அணியத்தில் போய் இருந்தாய். அங்கேதான் அடி கூட என்று யாரும் இருக்க விரும்பாத இடம். என்னையும் பக்கத்தில் இருத்தினாய். வாடை இன்னும் ஓயவில்லை. கரையை விட்டுச் சற்றுத் தூரம் போனதும் படகு தன் குணத்தைக் காட்டியது. ஒவ்வொரு அலைக்கும் பல்லோடு பல் மோதியது. நீ செபமாலையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். சனங்கள் நீ செபிக்கிறாய் என்று நினைத்தார்கள். நீயோ மணிக்கு மணி அடிகளை எண்ணிக்கொண்டு வந்தாய். தீவில் இறங்கியபோது இடுப்பைப் பிடித்தபடி, “இது வேண்டாம்” என்றாய். சிலுவைப்பாதைக்கு முன்னரே எங்கள் சிலுவைப்பாதை முடிந்திருந்தது.

மறுநாள் திரும்பிய படகில் இடமே இல்லை. முதல் நாள் எங்களோடு வந்தவர்களும் அந்த எஞ்சினுக்குப் பயந்து இதில்தான் ஏறியிருந்தார்கள். குழந்தைகள், பானைகள், தீர்த்தப் போத்தல்கள், யாரோ இந்தியக் கடைகளில் வாங்கிய சேலை மூட்டைகள். காற்று முதல் நாளைவிடக் கூட. ஆனால் படகு விழவில்லை. அலையைத் தள்ளிக்கொண்டு போனது. சற்று நேரத்தில் திரும்பிப் பார்த்தால், நீ யாருடையதோ மூட்டையில் தலைவைத்து நித்திரை. இடம்பெயர்ந்து அலைந்த நாட்களிலிருந்து நீ ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. சின்னச் சத்தத்துக்கும் எழும்பி எல்லாரும் இருக்கிறோமா என்று பார்ப்பாய். அன்று வாயைத் திறந்தபடி, எச்சில் வடிய, ஊரின் கரை தெரியும்வரை கிடந்தாய். எழும்பியதும் நாணப்படாமல் சொன்னாய்:

“இதுதான் தம்பி போட். என்னையே நித்திரையாக்கிப்போட்டுது.”

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? வாங்கினோம். பங்குச் சுவாமி வந்து தீர்த்தம் தெளித்துப் படகை மந்திரித்தார். அத்தான் அணியத்தைத் தடவிப் பார்த்து நல்ல போட் என்றார். அவர் அப்படிச் சொன்னது முதல் முறையாக உண்மையாயிருக்கும் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

முதல் தொழில் நாள் அத்தான் கரையிறங்கி வந்த நடையை நான் மறக்கமாட்டேன். தலையில் நிறைகுடம் வைத்தவர்போல, கழுத்துத் திரும்பாமல், ஒவ்வொரு அடியாக வந்தார். செருப்பு படகடியிலேயே கிடந்தது. எப்படி என்று கேட்டாய். நல்ல போட் என்றார். நீ அன்றைக்கே பழைய சொந்தக்காரரைத் தேடிப் போனாய். அவர் ஒளிக்கவில்லை. “ஆக்களோடை போனா அசையாது அக்கா. வெறும் போட் எண்டாக் கொஞ்சம் தட்டும்” என்றார். இதை ஏன் முந்திச் சொல்லவில்லை என்று கேட்டாய். “நீங்கள் வெறும் போட்டைப் பற்றிக் கேக்கேல்லையே” என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

பாரமாகப் போனால் எந்தப் படகும் சாதுதான். கடல்தொழிலுக்குப் போகும் படகோ, போகும்போது காலி. நாங்கள் பார்த்து வாங்கியது படகை அல்ல, அந்தோனியாரின் பக்தர்களின் எடையை. அவர்களோ இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாரம்தான் வேண்டுமென்றால் மண்மூட்டை போடலாம் என்று நீ சொன்னாய். உரப்பைகளில் கடற்கரை மண்ணை நிரப்பி அணியத்தில் அடுக்கினோம். படகு நன்றாக ஓடியது, மற்றக் காரியங்கள் ஓடவில்லை. கடலுக்குப் போகுமுன் பாஸ் காட்டும் இடத்தில் நேவிப் பொடியன் கம்பியால் மூட்டைகளைக் குத்திப் பார்த்தான். அது அவன் வேலை. “மண் எதுக்கு அம்மா? கடல்லை பங்கர் கட்டவா?” என்று பகிடியாகக் கேட்டான். குத்திய மூட்டைகள் ஒழுகின. ஒழுகியதை மீண்டும் நிரப்பப் போனால், கரையில் மண் அள்ள அனுமதி வேண்டும் என்றார்கள். தீவு முழுவதும் மண். காற்றடித்தால் கண்ணிலும் சோற்றிலும் மண். ஒரு பையில் போட்டால் மட்டும் அது அரசாங்கத்தின் சொத்து. அனுமதிக்கு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். பதில் வருமென்று எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

அத்தான் வெறும் படகில் போய்க்கொண்டிருந்தார். நல்ல போட், நல்ல போட் என்றபடி.

ஒரு விடியலில் நீ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாய். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். படகின் விளிம்பில் கை வைத்து, வயிற்றால் ஏறி, அணியத்தில் விழுந்து எழும்பி இருந்தாய். அத்தான் எஞ்சின் பக்கம் குனிந்தவர் நிமிரவேயில்லை. மீனவர் சங்கத் தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“அக்கா, என்ன வேலை இது? பொம்பிளையள் ஏறுறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“நான் பொம்பிளையா ஏறேல்லைத் தலைவர். மண்மூட்டைக்குப் பதிலா ஏறியிருக்கிறன்.”

“இப்பிடிக் கதைச்சா எப்பிடி? இண்டைக்கு மீன் படாட்டி ஆர் பொறுப்பு?”

“நேற்றும் படேல்லைத்தானே. நேற்று ஆர் ஏறினது?”

தலைவர் என்னைப் பார்த்தார். “இவர்?”

“அவனும் மூட்டைதான்” என்றாய். அதை மட்டும் கரையில் யாரும் மறுக்கவில்லை.

கரை தூரமானதும் நீ செய்த காரியத்தின் உள்நோக்கம் எனக்கு விளங்கியது. எல்லாரும் முன்னால் பார்த்திருக்க, நீ கடலுக்கு முதுகைக் காட்டி, பின்பக்கத்தில் சுக்கானைப் பிடித்து நின்ற அத்தானின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாய். கரையில் எத்தனை நாள் கேட்டாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். படகில் திருப்ப இடமில்லை. எங்கள் இருவரின் பாரமும் அணியத்தைச் சற்று அமர்த்தினாலும் அடி நிற்கவில்லை. படகு விழுமுன்னரே அவர் முழங்காலை மடித்து, உதட்டை உள்ளே இழுத்து, அடிக்குத் தயாராகிறதை நானும் பார்த்தேன்.

“நோகுதா?” என்று கேட்டாய்.

“இல்லை.”

படகு விழுந்தது. மறுபடி கேட்டாய். இல்லையெண்டுறன் என்று எரிந்து விழுந்தார். இன்னொரு அலை. அது பெரிது. படகு இறங்கியபின் அவர் உடனே நிமிரவில்லை. நீ கேட்கவும் இல்லை, பார்த்துக்கொண்டிருந்தாய்.

“ஓம்” என்றார். “நோகுது.”

வேறொருத்தியாயிருந்தால் அழுதிருப்பாள், அல்லது படகைத் திருப்பச் சொல்லியிருப்பாள். நீ ஏதோ உப்புக் கூடிவிட்டது என்று கேட்டதுபோலத் தலையாட்டினாய். “அப்ப மெள்ளப் போங்கோ” என்றாய்.

மெள்ளப் போவது என்ற ஒன்றை எங்கள் கரையில் யாரும் கேள்விப்பட்டதில்லை. படகுகள் புறப்படுவது விரட்டப்பட்டவைபோல. முந்திப் போகிறவன்தான் நல்ல இடத்தில் வலை போடுவான், பிந்திப் போகிறவன் பேடி. அத்தானும் அதைத்தான் சொன்னார், முன்னுக்குப் போறவை இடம் பிடிச்சிடுவினம் என்று.

“பிடிக்கட்டும். கடலென்ன அவையின்ரை சீதனமே?”

அவர் வேகத்தைக் குறைத்தார். படகு, இத்தனை மாதமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததுபோல, அலையில் ஏறி அலையோடு இறங்கியது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். ஒருவன் கைதட்டிக் கேட்டான்: “என்ன, பெருநாளுக்கே போறியள்?” நீ கையசைத்து, “ஓம், வாறதெண்டா வாங்கோ” என்றாய்.

அன்றைக்கு மீன் வழமைபோலப் பட்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதனால் இரண்டு தரப்புக்கும் பெருத்த ஏமாற்றம்.

அந்தப் படகுக்குப் பெருநாள் போட் என்று பெயர் வந்ததும், அத்தான் அந்தப் பெயரோடு ஆண்டுக்கணக்காய் மெள்ளப் போய் மெள்ள வந்ததும், பிந்தி வந்த மீனுக்கு நீ கரையில் நின்று ஏலக்காரனோடு வாயாடியதும் உனக்குத் தெரியாததல்ல. கால் இழுக்கவில்லை. செருப்பு எப்போதாவது கழன்றது. அப்போது அவரே நின்று திரும்பிப் பார்ப்பார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. அவரிடமிருந்து அந்த ஒரு சொல்லைப் பிடுங்கக் கடலுக்கே ஏறிப் போனவள் நீ. உன் வயிற்றில் கட்டி வளர்ந்த மாதங்களில் யார் கேட்டாலும் நல்லம் என்றாய். நான் கேட்டேன். நல்லம் என்றாய். மறுபடி கேட்டேன். “நீ சாப்பிட்டனியே?” என்று கேட்டு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாய். வீட்டில் முகத்தைத் திருப்ப இடம் இருந்தது.

இதை இவ்வளவில் நேற்று நிறுத்தியிருந்தேன். இன்று படகை ஓட்டிப் பார்த்தோம். அத்தானையும் வரச் சொன்னான் றெஜி. கரையில் நின்று பார்க்கிறேன் என்றார், நின்றார். விற்கிறவர் தன் பெறாமக்கள், தமையனின் பிள்ளைகள் சிலரையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார், ஒரு உதவிக்கு என்று. அவர்களை இறங்கச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், குரல் அவ்வளவு உரத்து வந்தது. யார் எதைத் தொட்டில் என்று சொன்னாலும், வெறுமையாகப் போகும்போது எப்படி என்று கேட்கிற பழக்கம் எனக்கு ஒட்டிவிட்டது. படகைப் பற்றி மட்டுமல்ல. வீடுகளைப் பற்றியும் கேட்கிறேன், மனிதர்களைப் பற்றியும். சனங்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

றெஜி சுக்கானைப் பிடித்தான். நான் அணியத்துக்குப் போய், கடலுக்கு முதுகைக் காட்டி, உன் மகனின் முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். காற்று இருந்தது. வெளியே போனதும் படகு விழத் தொடங்கியது.

“மாமா, எப்பிடி?” என்று கத்தினான்.

அடிக்கிறது என்றேன். அவன் வேகத்தைக் குறைத்தான். அப்போதும் விழுந்தது. நீ இருந்த இடத்தில்தான் இருந்தேன். இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, இயன்றமட்டும் உடம்பை அழுத்திப் பார்த்தேன். ஒவ்வொரு அலைக்கும் அணியம் என்னையும் தூக்கிக்கொண்டு எழும்பியது. என்னுடைய பாரம் போதவில்லை, அக்கா.